சோர்ந்த உள்ளத்திற்குக் கவிதை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஹப்புத்தளை, பண்டாரவளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் அங்கும், பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களிலும் பயில்கின்றனர். லயத்திலிருந்து முதன்முதலாகப் பட்டம் பெறப் போகும் பிள்ளையின் தலையில், குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் ஏறியிருக்கிறது. விடுமுறைக்கு வந்த அப்பிள்ளை உண்ணாமல், உறங்காமல், ஒருவரோடும் பேசாமல் முடங்கிக் கிடந்தால் நாம் என்ன சொல்கிறோம்? சோம்பல் என்கிறோம், கண்ணூறு என்கிறோம், படித்த திமிர் என்றும் ஏசுகிறோம். மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாமென்று எண்ணுவதில்லை.

துயரத்தைச் சொல்லாக்கி இறக்கிவைக்கும் வழி நமக்குப் புதிதன்று. இழவு வீட்டில் நம் தாய்மார் ஒப்பாரி வைக்கிறார்கள். ஒருத்தி சொல்லெடுக்க, மற்றவர்கள் அழுது துணை நிற்கிறார்கள். மாசி மாதக் காமன் கூத்தில் ரதியின் புலம்பலைத் தோட்டமே கூடியிருந்து கேட்கிறது. இம்மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவர்கள்.

பிற நாட்டாரும் இதனை அறிவர். ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்டூவர்ட் மில், மூன்று வயதிலேயே கிரேக்கம் கற்கத் தொடங்கியவர். 1826இல், 20 வயதில், வாழ்வில் எதிலும் பற்றின்றிச் சோர்ந்து போனார். 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளில் ஆறுதல் கண்டதாகத் தம் சுயசரிதையில் கூறுகிறார். அமெரிக்க உளவியலாளர் பென்னபேக்கரும் அவரது துணையாளரும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தம் மனக்காயங்களை எழுதினர். எழுதி முடித்தவுடன் துயரம் மிகுந்தது. ஆனால் நடந்ததையும் அதனால் தாம் பட்டதையும் சேர்த்தெழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்தை நாடுவது குறைந்தது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு மாலை கவிதைக்கென ஒதுக்குவோம். அங்கே பரிசும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். யாப்புப் பிழை பார்க்கவும் வேண்டாம். படித்துக் காட்ட விரும்பாதவர் எழுதியதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். எழுத மனமில்லாதவர் பிறர் பாடலைக் கேட்டிருக்கட்டும்.

ஒன்றை மறவாதீர்கள். கவிதை வைத்தியருக்குத் துணையேயன்றி மாற்று அன்று. இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வு நீங்காவிடில் பதுளைப் பெரியாஸ்பத்திரியின் மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் ஓர் எழுத்தில் தென்பட்டால், அதைக் கவிநயமென்று பாராட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள். எழுதியவரைத் தனியே விடாது, அன்றே உதவி தேடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

பெற்றோர்களே, பிள்ளை வீடு வந்தால் பரீட்சைப் பெறுபேற்றைப் பிறகு கேளுங்கள். முதலில் அதன் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அது சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதிருங்கள்.