நாற்றும் நடவும்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



முன்வரிசையில் இருக்கும் பலரும் பி.யு.சி. படித்தவர்கள். திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு என்று சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பதினோரு வருஷம் தமிழில் படித்துவிட்டு வந்த நம்மை, கல்லூரியே ஒரு வருஷம் வைத்திருந்து ஆங்கிலத்துக்குப் பழக்கியது. பரீட்சை வைத்தது சென்னைப் பல்கலைக்கழகம். பட்டப்படிப்புக்கு யார் தயார் என்பதை, பட்டப்படிப்பு நடத்துகிறவர்களே பார்த்துச் சொன்னார்கள்.

அவர்களுடைய அளவுகோல் மட்டும் அப்பழுக்கற்றதா என்ன? 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தாரே!

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. நல்லதுதான். டவுனுக்கு அனுப்ப யோசித்த வீட்டுப் பெண்பிள்ளைகள் பக்கத்து ஊரிலேயே பன்னிரண்டாவது வரை படித்தார்கள். ஆனால் பாடம் இரண்டு வருஷத்துக்கு, பொதுத்தேர்வோ ஒன்றுதான். பல பள்ளிகளில் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். முதலாண்டு பௌதிக வகுப்பில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்: இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூறு வாங்கிய பையன், நியூட்டன் விதியை வைத்து ஒரு சாதாரணக் கணக்குக் கொடுத்தால் திருதிருவென்று முழிப்பான். அது பிளஸ் ஒன் பாடம்! நாற்று தேறுவதற்கு முன்னாலேயே பறித்து நட்டால் குறுவை என்ன, சம்பா என்ன, எதுதான் தூர் கட்டும்?

இதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018-லேயே, கல்லூரிச் சேர்க்கைக்கு அந்த மார்க் கணக்கில்லை என்று அரசு அறிவித்தது. பாதி உயிர் அப்போதே போச்சு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை தேர்வையே எடுத்துவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குச் சுமைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய குறுக்குவழி மறுபடி திறந்துகொண்டதே, அதற்கு யார் காவல்?

இங்கே தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், தாளாளர்கள் இருக்கிறீர்கள். பிளஸ் ஒன் வகுப்பில் ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரிக்காதீர்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். கல்லூரி ஆசிரியர்களும் உங்களோடு உட்கார்ந்து, முதல்நாள் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாடத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரட்டும். நம் சங்கம் கோடை விடுமுறையில் மூன்று வாரம் வகுப்பு நடத்தலாம். பௌதிகத்துக்கு நான் வருகிறேன். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் வேண்டும், பந்தியில் பேசிக்கொள்வோம்.