மென்பொருள் ஆக்கும் மூன்று வழிகள்



ஜொகூரில், குளுவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் என் தாயார் பால்மரம் வெட்டினார். நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது தோட்ட அலுவலகத்திற்குக் கணினி வந்தது. கிராணியார் கையால் எழுதிய செக்ரோலை இனி அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். முதல் மாதமே தாயாருக்கு மூன்று நாள் கூலி குறைந்தது. காரணம் மழை. வெட்டு பாதியில் நின்ற நாளைக் குறிக்க அந்த மென்பொருளில் இடமே இல்லை. அதை எழுதியவர் அலுவலகத்தில் எல்லாவற்றையும் கேட்டுத்தான் போனார். மழையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

மென்பொருளை எந்த ஒழுங்கில் ஆக்குவது என்பதே இன்றைய பேச்சு.

முதலில், பொருள்நோக்கு முறை என்றால் என்ன? செக்ரோலையே எடுத்துக்கொள்வோம். பழைய வழியில் 'பெயரை எடு, எடையைப் பெருக்கு, கூலியைக் கூட்டு' என்று கட்டளைகள் வரிசையாக நிற்கும். பொருள்நோக்கு முறையில் 'தொழிலாளி', 'நிரை', 'வேலைநாள்' ஆகியவை தனித்தனிப் பொருள்கள். ஒவ்வொன்றும் தன் விவரத்தையும் தன் வேலையையும் தன்னிடமே வைத்திருக்கும். 'மழைநாள்' என்பது 'வேலைநாள்' பெற்ற பிள்ளை. தாயின் குணமெல்லாம் அதற்கு உண்டு. கூலி கணக்கிடும் விதம் மட்டும் வேறு. 1960களில் நார்வே நாட்டின் ஓலெ-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் படைத்த சிமுலா மொழி இதற்கு வித்திட்டது.

செங்கல் நல்லதானால் மட்டும் போதுமா? கட்டும் ஒழுங்கும் வேண்டும்.

முதல் வழி, அருவி முறை. தேவைகளை எழுதி, வடிவமைத்து, நிரல் எழுதி, கடைசியில் சோதிப்பது. தோட்டத்தில் மறுநடவு செய்வது போல. இன்று தேர்ந்த கன்று சரியா என்பது, ஆறு ஆண்டு கழித்துக் கத்தி வைக்கும்போதுதான் தெரியும். 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் இத்தகைய படம் ஒன்றை வரைந்தார். அப்படியே பின்பற்றுவது ஆபத்து என்று அதே கட்டுரையில் எச்சரிக்கவும் செய்தார். பலர் படத்தைப் பிடித்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, ரேஷனல் யூனிஃபைட் பிராசஸ். கிராடி பூச், ஜேம்ஸ் ரம்பா, இவார் ஜேக்கப்சன் ஆகிய மூவரும் தனித்தனி முறைகள் வைத்திருந்தவர்கள். ரேஷனல் நிறுவனத்தில் ஒன்றுசேர்ந்து யூ.எம்.எல். என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1997இல் அது பொதுத்தரமானது. மாணவர்கள் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: யூ.எம்.எல். படம் வரையும் மொழி, முறை அன்று. முறையில் தொடக்கம், விரிவாக்கம், கட்டுமானம், ஒப்படைப்பு என நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சிறு சுற்றுகள் உண்டு. யார் பயன்படுத்துகிறார், என்ன செய்ய வருகிறார் என்று முதலில் எழுதுவார்கள். ஆபத்தான பகுதியை முன்னதாகவே கட்டிப் பார்ப்பார்கள். பல குழுக்கள் சேரும் பெரிய வேலைக்கு ஏற்றது. ஆனால் காகிதம் குவியும்.

மூன்றாவது, கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங். பயன்படுத்தப்போகிறவர் எழுதுவோருடன் உடன் அமர்வார். சில வாரங்களுக்கு ஒருமுறை ஓடும் பகுதி கைக்கு வரும். சோதனையை முன்பே எழுதிவிட்டு, ஒரு கணினி முன் இருவர் அமர்ந்து நிரல் எழுதுவார்கள். இது வளர்ந்த இடமும் ஒரு சம்பளக் கணக்குத்தான்! அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனத்தில் 1996இல் பெக் அப்பணியில் சேர்ந்தார். 1997இல் அந்த மென்பொருள் ஏறக்குறைய 10,000 ஊழியருக்குச் சம்பளம் கணக்கிடத் தொடங்கியது. ஆயினும் எல்லா ஊழியரையும் எட்டுமுன், 2000இல் கைவிடப்பட்டது. ஆகவே எந்த முறையும் சர்வரோக நிவாரணி அல்ல.

பின் எதைத் தேர்வது? ஒரே கேள்வி கேளுங்கள்: தவறு எப்போது வெளிப்படும், யார் கண்ணில் படும்? அருவி முறையில் அது கடைசியில், கூலி வாங்குபவர் கையில் வெளிப்படுகிறது. இரண்டாவதில் கவனமாகக் கேட்டால் காகிதத்திலேயே தெரியும். மூன்றாவதில் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். தேவைகள் மாறாத வேலைக்கு முதல் வழியும் தவறன்று. மனிதர் வாழ்க்கையோடு ஒட்டிய வேலையில் தேவை மாறாமல் இருப்பது அரிது.

என் தாயாரின் கூலி அடுத்த மாதம் கிடைத்தது. கிராணியார் தம் பழைய செக்ரோலை மூடிவைக்காமல் எழுதி வந்ததே காரணம். நாளை மென்பொருள் எழுதப்போகும் மாணவர்களே, எந்த முறையைக் கற்றாலும், எழுதுமுன் ஒருநாள் மழையில் நிரைக்குப் போய்ப் பாருங்கள்.