கால்டுவெல் யாருக்கு எழுதினார்?

திருச்செங்கோட்டுல இருந்து இந்த வார எபிசோடு. இன்னைக்கு நாம பேசப்போறது பிஷப் ராபர்ட் கால்டுவெல் பத்தி.

மெரினாவுல சிலையைப் பார்த்திருப்பீங்க. 1968 உலகத் தமிழ் மாநாட்டப்போ வெச்சது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம்னு எல்லிஸ் 1816லேயே சொல்லிட்டார். அதை விரிவான ஆதாரத்தோட நிறுவினது கால்டுவெல் 1856ல வெளியிட்ட ஒப்பிலக்கணம். ஸ்கூல்ல ஒரு மார்க் கேள்வியா படிச்சது இதுதான். ஆனா அதுக்கு 7 வருஷம் முன்னாடி அவர் இன்னொரு புத்தகம் எழுதினார். அதை ஸ்கூல்ல யாரும் சொல்லித் தரல.

அயர்லாந்துல 1814ல பிறந்தவர், 1838ல சென்னைக்குக் கப்பல்ல வந்து இறங்கினார். 1841ல திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடிக்குப் போனார். தேரிக்காடு, பனைமரம், பதநீர் இறக்குற மக்கள். அங்க இருந்து லண்டன்ல இருக்குற மிஷன் சங்கத்துக்குத் தொடர்ந்து கடிதமும் அறிக்கையும் போகணும். சங்கம் அதையெல்லாம் அச்சடிச்சு இங்கிலாந்து மக்கள்கிட்ட நன்கொடை திரட்டும். இங்க இருக்கிறவங்க எவ்வளவு பாவப்பட்டவங்களா தெரியுறாங்களோ, அவ்வளவு இரக்கம், அவ்வளவு பணம்.

இந்தச் சூழல்லதான் 1849ல திருநெல்வேலி நாடார்களைப் பத்தி, அந்தச் சமூகத்தோட பழைய பேர்லயே, ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம் வந்துச்சு. அறிவுல பின்தங்கினவங்க, பேயை வணங்குறவங்க, பூர்வீகம் இலங்கைங்கிற மாதிரி எழுதியிருந்தார். படிக்கப்போறது சீமையில இருக்கிறவங்கதானே!

ஆனா மிஷன் பள்ளிக்கூடம் இங்க ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்துச்சு. அதுல படிச்சு வந்தவங்க கையில இந்தப் புத்தகம் கிடைச்சா என்ன ஆகும்? மிஷன்ல உபதேசியாரா இருந்த சட்டம்பிள்ளை கொதிச்சுப் போனார். ‘நாங்க பாண்டிய வம்சம்’னு மறுப்பு எழுதினார். 1857ல நாசரேத் பக்கம் பிரகாசபுரத்துல, வெள்ளைக்கார மிஷனரிகள் இல்லாத தனிச் சபையே ஆரம்பிச்சார்.

1877ல கால்டுவெல் பிஷப் ஆனார். அப்பவும் விஷயம் அடங்கல. 1883ல சாமுவேல் சற்குணர், பிஷப் பேரையே தலைப்புல போட்டு ஒரு மறுப்பு நூல் வெளியிட்டார். எதிர்ப்பு வலுத்து, கடைசியில அந்த 1849 புத்தகம் புழக்கத்துல இருந்து திரும்பப் பெறப்பட்டது.

நம்ம ஊர்க் கணக்குல யோசிங்க. போர்வெல் வண்டியில ஆந்திரா, மத்தியப் பிரதேசம்னு போற அண்ணனுங்க, அந்த ஊர்க்காரங்களைப் பத்தி வீட்டுக்கு வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ் போடுவாங்க. அதை அந்த ஊர்க்காரங்களே தமிழ் கத்துக்கிட்டுக் கேட்டா எப்படி இருக்கும்? கால்டுவெல்லுக்கு நடந்தது அதுதான்.

அதுக்காகச் சிலையை எடுக்கணும்னு நான் சொல்ல வரல. சுமார் 50 வருஷம் இந்த மண்ணுல வாழ்ந்து, 1891ல கொடைக்கானல்ல இறந்து, இடையன்குடியில தான் கட்டின கோயில்லயே புதைக்கப்பட்டவர் அவர். தமிழுக்கு ஒரு முகவரி கொடுத்த அதே கைதான் பக்கத்து வீட்டுக்காரங்களை இழிவாவும் எழுதுச்சு. ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும். கூடவே சட்டம்பிள்ளை, சற்குணர் பேரையும் ஞாபகம் வெச்சுக்கணும். நம்மளைப் பத்தி அடுத்தவங்க எழுதினதுக்கு, அவங்க மொழியைக் கத்துக்கிட்டுப் பதில் எழுதினவங்க அவங்க.

உங்க ஊரைப் பத்தி வெளியாள் யாராவது எழுதினது வீட்டுல கிடந்தா, எடுத்துப் படிச்சுட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.