தீர விசாரிப்போம், பிறகு வாதாடுவோம்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

டீக்கடையிலே, கம்பெனி வாசலிலே, களத்துமேட்டிலே நாம் தினமும் வாதாடுகிறோம். வாதாடுவது நல்லதுதான். ஆனால் பாதி வாதங்கள் சண்டையில் போய் முடிகின்றன. காரணம் என்ன? நடந்த விஷயம் எது, அதைப் பற்றிய நம் அபிப்பிராயம் எது என்று நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

"இந்த வாரம் என் கூலியில் இத்தனை ரூபாய் பிடித்தார்கள்." இது நடந்த விஷயம். கணக்கை எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது. இதற்குக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. "பிடித்தது அநியாயம்." இது அபிப்பிராயம். இதற்குக் காரணம் சொல்லி வாதாட வேண்டும்.

தோட்டத்திலே ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்றால், அது கூலி வாங்கிய கைக்குத் தெரியும். "பெண்கள் வேலை இலேசானது" என்பதோ தோட்டக்காரரின் அபிப்பிராயம். பொழுதெல்லாம் குனிந்து களை எடுத்த முதுகைக் கேட்டால் வேறு அபிப்பிராயம் கிடைக்கும்! ஆனால் அவர் அதைப் பொழுது கிழக்கே உதிக்கிறது என்பதுபோலச் சொல்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். அங்கேதான் கூலி பறிபோகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023 மார்ச் மாதம் நம் ஊர் கண்டது அது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று செல்போனில் வீடியோக்கள் பறந்தன. போலீஸ் விசாரித்துச் சொன்னது என்ன? ஒரு வீடியோவில் இருந்தது பீகார் தொழிலாளர்களின் இரு கோஷ்டிகளுக்குள் நடந்த தகராறு. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. பீகார் அரசாங்கமே ஒரு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் வந்து தொழிலாளர்களிடம் நேரில் விசாரித்தார்கள்.

அதற்குள் எத்தனை பீதி! ரயில் நிலையத்தில் கூட்டம் இருந்தது உண்மை. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் போனவர்களும் இருந்தார்கள், பயந்து போனவர்களும் இருந்தார்கள். கூட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். காரணத்தை அவர்களைக் கேட்டால்தானே தெரியும்? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பொய்ச் செய்தி பரப்பியவன் "அது என் அபிப்பிராயம்" என்று தப்பிக்க முடியாது. "அடித்தார்கள்" என்பது அபிப்பிராயம் அல்ல. ஒன்று நடந்திருக்க வேண்டும், இல்லையேல் பொய்.

நம் பக்கத்திலும் ஒரு பேச்சு உண்டு: "வடக்கத்தியான் வந்துதான் நம் கூலி போச்சு." இதைச் சொல்பவரிடம் கேளுங்கள்: அவனுக்கு என்ன ரேட்? அந்த ரேட்டை வைத்தது யார்? நீங்கள் அவனிடமே கேட்டீர்களா? ரேட் வைத்தவரை விட்டுவிட்டுப் பக்கத்து மிஷினில் இருப்பவனோடு மல்லுக்கட்டினால் யாருக்கு லாபம்?

அபிப்பிராயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1984ல் பஞ்சப்படி கேட்டு திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறியது நடந்த விஷயம். அதற்குத் தக்கபடி படி கொடுக்க வேண்டும் என்பது தொழிலாளியின் அபிப்பிராயம். நடந்த விஷயத்தின் மேல் காலூன்றி நின்ற அபிப்பிராயம் என்பதால்தான் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் தங்கள் கோரிக்கையாக்கினார்கள்.

ஆகவே தோழர்களே, யாராவது ஒரு செய்தி சொன்னால் எந்த ஊர், எந்த நாள், யார் பார்த்தது என்று கேளுங்கள். அபிப்பிராயம் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், கையும் ஓங்காதீர்கள். நம் சங்கத்தில் நாம் பேசும் பேச்சையும் இதே கேள்விகளால் சோதியுங்கள்.