நம் வீட்டுச் சரித்திரத்தை நாமே எழுதுவோம்

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"எழுதிப் பழக்கமில்லாதவர்கள் எழுத ஆரம்பிப்பது எப்படி?" என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கதையும் கவிதையும் எழுதுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பௌதிகம் படித்தவன். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க உத்தியோகம். அதில் பாதி பாலக்காட்டிலும், மீதி தேவிகுளம், மறையூர், குமுளி என்று இடுக்கி மலைப் பக்கத்திலும் கழிந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுவது பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் சொல்லும் ஆட்சேபம்: "இந்த வயசில் எழுதி என்ன ஆகப் போகிறது?" மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் பிறந்தது 1855-ல். 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் வாராவாரம் வரத் தொடங்கியது 1940-ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது அது முடிந்திருக்கவில்லை. முடியாத அந்த நூல்தான் 1950-ல் புத்தகமாக வந்து இன்றுவரை படிக்கப்படுகிறது. அதில் தன் பெருமையைவிடத் தன் தகப்பனார் பிள்ளைக்கு வாத்தியார் தேடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்ததையும், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் குணங்களையுமே ஐயரவர்கள் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். சுயசரிதம் என்றால் தன்னைப் பற்றியே எழுத வேண்டும் என்று பயப்படுகிறவர்களுக்கு இது நல்ல பதில்.

இரண்டாவது ஆட்சேபம்: "நான் எழுத்தாளன் இல்லையே, ஃபைல் பார்த்தவன்தானே?" நம் ஜில்லா ஒற்றப்பாலத்துக்காரரான வி.பி. மேனன் கல்லூரிப் பட்டம் பெறாமல் சர்க்கார் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1947-ல் சமஸ்தானங்கள் துறைச் செயலாளர் வரை உயர்ந்தவர். சர்தார் படேலின் விருப்பப்படி ஓய்வுக்குப் பின் இரண்டு புத்தகங்கள் எழுதினார். சமஸ்தானங்கள் இணைந்த வரலாறு 1956-லும், ஆட்சி மாற்றத்தின் வரலாறு 1957-லும் வெளிவந்தன. அந்த அறைகளில் உட்கார்ந்திருந்தவர் எழுதியதால்தான் அவற்றுக்கு அத்தனை மதிப்பு. நீங்கள் ரயில்வேயிலோ, வங்கியிலோ, சமையல் கான்ட்ராக்டிலோ இருந்திருக்கலாம். உங்கள் அறையில் நடந்தது உங்களுக்குத்தான் தெரியும்.

பாலக்காட்டில் பிறந்த டி.என். சேஷன் அவர்களும் என்னைப் போல் பௌதிகம் படித்தவர். 2019 நவம்பரில் காலமானார். அவருடைய சுயசரிதம் 2023-ல்தான் வெளிவந்தது. எழுதி வைத்திருந்தால் பின்னால் வெளிவரும். எழுதாமல் போனால் ஒன்றும் இல்லை. சரி, எப்படி ஆரம்பிப்பது?

1. பிறப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்

"நான் இன்ன வருஷம் இன்ன கிராமத்தில் பிறந்தேன்" என்று ஆரம்பித்தால் இரண்டாம் பக்கத்தில் நின்றுவிடும். ஒரு வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். மறையூரில் இருந்தபோது இதைக் கற்றேன். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். "வெல்லப்பாகு பதத்துக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால், பாகு காய்ச்சுகிறவர் தன் அப்பா, அடுப்பு, கரும்பு விலை, மகள் கல்யாணம் என்று ஒரு மணி நேரம் பேசுவார்.

இதையே எங்கள் அத்தைப்பாட்டியிடமும் செய்தேன். ஒன்பது வயதில் கல்யாணம், பன்னிரண்டு வயதில் வைதவ்யம். சாரதா சட்டம் 1930-ல் அமலுக்கு வருவதற்குச் சில வருஷம் முந்தைய சங்கதி. 1986-ல் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். "என்னைப் பத்தி எழுதறதுக்கு என்னடா இருக்கு? ஒண்ணும் ஓர்மை இல்லை" என்றாள். "கார்த்தாலே எத்தனை மணிக்கு எழுந்துப்பேள்? அடுப்பை யார் மூட்டுவா?" என்று கேட்டேன். மூன்று மணிக்கு எழுந்தது, பதினெட்டுப் பேருக்குச் சமைத்தது, எந்தப் பாத்திரம் எந்தத் தேரின்போது வாங்கினது என்று இரண்டு நாள் பேசினாள். கடைசியில், கேட்காமலே, தலைமயிர் எடுத்த அன்றைக்கு வாசலில் மழை பெய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி சொன்னாள். அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது, கையெழுத்து கிடையாது, எந்த ரிஜிஸ்தரிலும் அவள் பெயர் இல்லை. அந்தப் பதினொரு பக்கம்தான் அவள் இருந்ததற்கு அத்தாட்சி.

2. கண்டது, கேட்டது, ஊகித்தது

பரிசோதனைக் கூடத்தில் கண்டதை ஒரு பக்கமும் அதிலிருந்து கொண்ட முடிவை வேறு பக்கமும் எழுதச் சொல்வார்கள். இங்கேயும் அதேதான். "தாத்தா கோபக்காரர்" என்பது முடிவு. "உப்புக் கூடினால் இலையை விட்டு எழுந்துவிடுவார்" என்பது கண்டது. கண்டதை எழுதினால் முடிவைப் படிக்கிறவரே கட்டிக்கொள்வார். பிறர் சொல்லக் கேட்டது என்றால் யார் சொன்னார் என்று எழுதுங்கள். ஊகம் என்றால் ஊகம் என்று சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

3. காலக் கணக்கு

நம் பெரியவர்கள் இங்கிலீஷ் தேதி சொல்லமாட்டார்கள். "தொண்ணூத்தொன்பதாமாண்டு வெள்ளத்துக்கு ரெண்டு வருஷம் முன்னே" என்பார்கள். அது கொல்லம் 1099. சிங்கம் முதல் டிசம்பர் வரை என்றால் 824-ம், ஜனவரி முதல் கர்க்கடகம் வரை என்றால் 825-ம் கூட்ட வேண்டும். அந்த வெள்ளம் கர்க்கடகத்தில் வந்தது. ஆகவே 1924 ஜூலை. மூணாறில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அடித்துக்கொண்டு போனதும் அதே வெள்ளம்தான். அந்த ரயில் திரும்ப வரவில்லை. 'டாப் ஸ்டேஷன்' என்ற ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறது.

தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும். ரக்தாக்ஷி என்றால் 1924-ம் ஆகலாம், 1984-ம் ஆகலாம். ஜாதகம் இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பலனில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். ஜாதகக் கட்டம் ஒரு தேதி முத்திரை. சனி ராசிச் சக்கரத்தைச் சுற்றச் சுமார் 29½ வருஷம், குரு சுமார் 12 வருஷம். இரண்டும் பழைய இடத்துக்குக் கிட்டத்தட்ட அறுபது வருஷத்தில் வந்துவிடும். ஆனால் ராகு சுற்றுவது 18½ வருஷத்துச் சொச்சம். அறுபது வருஷம் தள்ளிய இரண்டு ஜாதகங்களில் ராகு ஒரே இடத்தில் இராது. சூரியன் மாதத்தையும் நட்சத்திரம் நாளையும் சொல்லிவிடும். பள்ளிக்கூட ரிஜிஸ்தரைவிட இதை நம்பலாம். சேர்க்கும் அன்று வாத்தியார் சௌகரியத்துக்குப் போட்ட மே மாதப் பிறந்த நாளோடு பென்ஷன் வாங்குபவர்கள் இங்கேயே பலர் இருக்கிறீர்கள்!

4. காகிதம் எங்கே கிடைக்கும்?

பாலக்காடு 1956 அக்டோபர் 31 வரை சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லா. பக்கத்துச் சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானம். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். ஆகவே ஒரே குடும்பத்தின் காகிதங்கள் மூன்று சர்க்கார்களின் கீழ் வந்திருக்கலாம். கேரள ஆவணக் காப்பகத்துக்குத் திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு மூன்று ஊர்களிலும் அலுவலகம் உண்டு. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. எந்தத் தாலூக்கா, எந்த வருஷம் என்று தீர்மானித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். அதற்கு முன்னால் வீட்டுப் பரணைப் பாருங்கள்: மளிகைக் கணக்கு, கல்யாணப் பத்திரிகை, போஸ்ட் கார்டு எல்லாமே ஆவணம்தான்.

5. இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்

இதுதான் கஷ்டமான இடம். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் பாட்ட முறை ரத்தாயிற்று. நம்மவர்கள் எழுதும் குடும்ப வரலாறுகளில் "நிலம் போச்சு, பிள்ளைகள் மும்பைக்கும் தில்லிக்கும் கிளம்பினார்கள்" என்று ஒரு வரி தவறாமல் வரும். அது உண்மைதான், அந்த வருஷங்களில் பல வீடுகளில் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. ஆனால் எங்கள் வீட்டுப் பழைய பாட்டக் கணக்கில் பக்கத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. எதிரே அளந்த பறை நெல். சேற்றில் நின்றவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுச் சரித்திரத்தில் அதே நாள் "நிலம் வந்தது" என்று இருக்கும். நம் புத்தகத்தில் அந்தப் பெயர்களும் இடம் பெற வேண்டும். அவர்கள் பேரப்பிள்ளைகள் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார்கள், போய்க் கேட்கலாம்.

நம் ஜில்லா மேழத்தூர் வி.டி. பட்டதிரிப்பாடு நம்பூதிரி சமூகத்தில் பிறந்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே வாலிப வயதில், ஒரு சிறுமியிடம். 'கண்ணீரும் கினாவும்' என்ற சுயசரிதத்தில் தன் சமூகத்து அந்தர்ஜனங்களின் துயரத்தை மறைக்காமல் எழுதினார். சமூகத்தின் மேல் பிரியம் இல்லாதவரால் அப்படி எழுத முடியாது. சமையல்காரராக வெளியூர் போன மாமா, கல்யாணம் ஆகாமலே இருந்த சித்தி, மொட்டைத் தலையோடு அடுக்களையில் இருந்த பாட்டி, எல்லோரும் நம் வம்சாவளிதான். உத்தியோகம் பார்த்தவர்களை மட்டும் எழுதினால் பாதிக் குடும்பம் விட்டுப்போகும்.

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். அவர்களைப் பற்றி எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

6. பாஷை

உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஆவன செய்யப்பட்டது" என்று எழுதியே நமக்குப் பழக்கம். யார் செய்தார் என்று தெரியாமல் இருப்பதற்காக ஏற்பட்ட நடை அது. வாழ்க்கைக் குறிப்பில் யார், யாரிடம், என்ன செய்தார் என்று எழுதுங்கள். பாட்டி "ஓர்மை" என்று சொன்னால் அதை "ஞாபகம்" என்று திருத்த வேண்டாம். பாலக்காட்டுத் தமிழுக்கும் இது ஒரு சேமிப்பு. தமிழ் படிக்கத் தெரியாத பேரக்குழந்தைகளுக்கு உங்கள் குரலிலேயே படித்து மொபைலில் பதிவு செய்து கொடுங்கள்.

7. ஒரே இடத்தில் வைக்காதீர்கள்

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்து எஸ்டேட் லயங்கள் புதைந்தன. எழுபது பேர் போய்விட்டார்கள், பல வீடுகளில் குடும்பம் குடும்பமாக. நான் வேலை பார்த்த பக்கம் அது. லயம் புதைந்தால் ரேஷன் கார்டும் கல்யாண போட்டோவும் அதோடுதான் போகும். மண்ணும் தண்ணீரும் யார் வீடு என்று பார்க்காது, கறையானும் பார்க்காது. எழுதியதை மூன்று பிரதி எடுத்து மூன்று ஊர்களில் வையுங்கள். நம் அங்கத்தினர்கள் இத்தனை ஊர்களில் சிதறி இருப்பதில் அந்த ஒரு சௌகரியம் இருக்கிறது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நாளைக் காலை காபி ஆனதும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் வீட்டு அடுக்களையை யார், எத்தனை மணிக்குத் திறந்தார், என்ன செய்தார் என்பது போதும். வாரம் ஒரு பக்கம் என்றால் வருஷத்தில் ஐம்பது பக்கம் ஆகிவிடும். அது ஒரு சிறு புத்தகம். எண்பது வயதுக்கு மேற்பட்டவர் யாராவது வீட்டில் இருந்தால் உங்கள் கதை காத்திருக்கட்டும். அவர் பக்கத்தில் முதலில் உட்காருங்கள்.