கேள்வி கேட்டவர் யார்?
தன்பாலீர்ப்பும் உளவியலும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு



தன்பாலீர்ப்பை உளவியலும் உளப்பகுப்பாய்வும் எப்படிப் புரிந்துகொண்டன என்பது இன்றைய பொருள். முன்பு நோய் என்றார்கள், பிறகு நோயில்லை என்றார்கள் என்று இரண்டே வரியில் இதை முடித்துவிடலாம். அப்படி முடித்தால் நாம் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. மருத்துவர் யாரைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார், அவர்களை அவரிடம் அழைத்து வந்தவர் யார், கேள்வி யாருடையது என்று தேடிப் போனால்தான் இந்த வரலாறு விளங்கும். நான் அந்த வழியில் போகிறேன்.

1. நீதிமன்றத்திலிருந்து வந்தவர்கள்

ஆஸ்திரியாவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் கிராஃப்ட்-எபிங் 1886இல் ‘சைக்கோபதியா செக்ஸுவாலிஸ்’ என்ற நூலை வெளியிட்டார். தன்பாலீர்ப்பை நரம்பு மண்டலத்தின் பிறவிச் சீர்கேடு என்று அவர் வகைப்படுத்தினார். அவர் சட்ட மருத்துவமும் பார்த்தவர். குற்றம் சாட்டப்பட்டவர்களும் மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டவர்களுமே தொடக்கத்தில் அவர் கண்ணில் பட்டார்கள். நூல் பரவிய பிறகு நிலைமை சற்று மாறியது. கல்வியும் தொழிலும் உள்ள, எந்த வழக்கிலும் சிக்காத ஆண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி அவருக்கு எழுதத் தொடங்கினார்கள். 1901இல், இறப்பதற்கு ஓராண்டுக்கு முன், தன்பாலீர்ப்பும் மன ஆரோக்கியமும் ஒருவரிடம் சேர்ந்தே இருக்க முடியும் என்று அவர் எழுதினார். அந்தக் கட்டுரை வெளிவந்தது மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் ஆண்டிதழில். தன்பாலுறவைக் குற்றமாக்கிய ஜெர்மானியச் சட்டத்தை நீக்கக் கோரி 1897இல் அமைப்பு தொடங்கியவர் ஹிர்ஷ்ஃபெல்ட். பெர்லினில் 1919இல் அவர் நிறுவிய பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933 மே மாதம் நாஜிகள் சூறையாடி, அதன் நூல்களைத் தீயிலிட்டார்கள்.

2. தந்தை அழைத்து வந்த பெண்

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டிடம் வருவோம். 1905இல் வெளியான பாலியல் பற்றிய மூன்று கட்டுரைகளிலும், பின்னர் 1915இல் அவற்றோடு சேர்த்த அடிக்குறிப்பிலும் அவர் சொன்னது அன்றைக்குத் துணிச்சலானது. தன்பாலீர்ப்பாளரைத் தனி இனமாகப் பிரித்து வைக்க உளப்பகுப்பாய்வு உடன்படாது. எல்லா மனிதரிடமும் அந்த நாட்டத்துக்கு இடமுண்டு. ஆண் பெண்ணை மட்டுமே நாடுவதும்கூட விளக்கம் தேவைப்படும் ஒன்றுதான் என்றார்.

1920இல் அவர் வெளியிட்ட ஒரு வழக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வியன்னாவில் வசதியான குடும்பத்துப் பெண், வயது பதினெட்டு. தன்னைவிடப் பத்து வயதளவு மூத்த ஒரு பெண்மணியின்மீது காதல். இருவரும் தெருவில் சேர்ந்து போகும்போது எதிரே வந்த தந்தை கோபத்தோடு முறைத்துவிட்டுப் போகிறார். அடுத்த கணமே அந்தப் பெண் சுவரைத் தாண்டி, கீழே ஓடும் ரயில் பாதையில் குதிக்கிறாள். உயிர் பிழைக்கிறாள். ஆறு மாதம் கழித்துப் பெற்றோர் ஃபிராய்டிடம் வருகிறார்கள். மகளை ‘வழிக்குக் கொண்டுவர’ வேண்டும் என்பது கோரிக்கை.

அந்தப் பெண் எவ்விதத்திலும் நோயாளி அல்ல என்று ஃபிராய்ட் எழுதுகிறார். தன் நிலையைப் பற்றி அவளுக்கு எந்தக் குறையும் இல்லை, குறை பெற்றோருக்குத்தான். முழுமையாக உருவான தன்பாலீர்ப்பை மாற்ற முயல்வது, அதற்கு எதிரான திசையில் முயல்வதைவிட அதிகப் பலன் தராது என்றும் சொல்லிவிடுகிறார். ஆனாலும் அதே கட்டுரையில், தாய்க்கு இன்னொரு குழந்தை பிறந்ததால் தந்தைமீது ஏற்பட்ட ஏமாற்றமே காரணம் என்று ஒரு கதையையும் கட்டுகிறார். நோயில்லை என்று சொல்லும் ஃபிராய்டும், காரணம் தேடாமல் இருக்க முடியாத ஃபிராய்டும் ஒருவரே. தந்தைமீதான கசப்பை அவள் மருத்துவரான தன்மீதும் காட்டுகிறாள் என்று கண்டு, பெண் மருத்துவரிடம் தொடரலாம் எனக் கூறிச் சிகிச்சையை அவரே நிறுத்திவிட்டார்.

1935இல் அமெரிக்கத் தாய் ஒருவர் மகனைப் பற்றி அவருக்குக் கடிதம் எழுதினார். இதில் வெட்கப்பட ஏதுமில்லை, இதை நோய் என்று வகைப்படுத்த முடியாது என்று ஃபிராய்ட் பதில் எழுதினார். அதோடு, பாலியல் வளர்ச்சியில் ஏற்பட்ட ஒருவிதத் தேக்கம் என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார். ஆறுதல் அந்தத் தாய்க்குக் கிடைத்தது. தேக்கம் என்ற சொல் ஃபிராய்டின் வாரிசுகளுக்குக் கிடைத்தது.

3. வாரிசுகள் செய்தது

மனிதர் எல்லோரிடமும் இருபால் நாட்டத்துக்கு இடமுண்டு என்ற ஃபிராய்டின் அடிப்படையையே 1940இல் உளப்பகுப்பாய்வாளர் சாண்டோர் ராடோ மறுத்தார். எதிர்பாலைக் கண்டு அஞ்சுவதன் விளைவே தன்பாலீர்ப்பு என்றார். அமெரிக்கப் பகுப்பாய்வாளர்கள் அவர் வழியில் நடந்தார்கள். 1952இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் முதல் நோய்ப்பட்டியல், தன்பாலீர்ப்பைச் சமூக விரோத ஆளுமைக் கோளாறுகளோடு சேர்த்தது.

1962இல் உளப்பகுப்பாய்வாளர் இர்விங் பீபரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு பெரும் செல்வாக்குப் பெற்றது. ஒட்டிக்கொண்டு விடாத தாய், விலகி நிற்கும் தந்தை, அதன் விளைவு தன்பாலீர்ப்பு மகன் என்ற வாய்பாடு அங்கிருந்துதான் ஊர்ஊராகப் பரவியது. 106 தன்பாலீர்ப்பு ஆண்கள், 100 பிற ஆண்கள். எல்லோருமே உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையில் இருந்தவர்கள். வினாத்தாளைப் பூர்த்தி செய்தது அவர்கள் அல்ல, அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள். ஆஸ்பத்திரி வார்டில் தலை எண்ணிவிட்டு, ஊரே காய்ச்சலில் கிடக்கிறது என்று அறிவித்த கதைதான் இது. எத்தனை தாய்மார்கள் இந்த வாய்பாட்டைக் கேட்டுத் தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள்!

4. முப்பதும் முப்பதும்

இதற்குள் லாஸ் ஏஞ்சலிஸில் வேறு ஒரு வேலை நடந்து முடிந்திருந்தது. உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கரிடம் படித்த மாணவர் ஒருவர் தன் நண்பர்களை அவருக்கு அறிமுகம் செய்து, “எங்களைப் போன்றவர்களை நீங்கள் ஆராய வேண்டும்” என்று கேட்டுக்கொண்டார். இந்த முறை கேள்வி தன்பாலீர்ப்பாளர் ஒருவரிடமிருந்தே வந்தது.

ஹூக்கர் 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும் 30 பிற ஆண்களையும் தேர்ந்தெடுத்தார். எவரும் சிகிச்சையில் இருந்தவர்கள் அல்லர். வயது, படிப்பு, நுண்ணறிவு ஈவு மூன்றிலும் ஒருவருக்கு ஒருவர் இணை சேர்த்தார். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும் காலம் அது. அதனால் பலரைத் தன் வீட்டுத் தோட்டத்து அறையிலேயே சந்தித்தார். மைக்கறைச் சோதனையான ரோர்ஷாக் உட்பட மூன்று சோதனைகள். விடைத்தாள்களில் யார் எவர் என்ற குறிப்பை நீக்கிவிட்டு, அத்துறையில் தேர்ந்தவர்களிடம் கொடுத்தார். ரோர்ஷாக்கில் பெயர் பெற்ற புரூனோ க்ளோப்ஃபர் அவர்களில் ஒருவர்.

இரு குழுவிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சராசரியாகவோ அதற்கு மேலாகவோ மனநலத்தோடு இருப்பதாக நடுவர்கள் மதிப்பிட்டார்கள். பிறகு விடைத்தாள்களை இணை இணையாகக் கொடுத்து, இதில் தன்பாலீர்ப்பாளர் யார் என்று கேட்டபோது, குத்துமதிப்பாகச் சொல்வதைவிட மேலாக எவராலும் சொல்ல முடியவில்லை. ஆய்வு 1957இல் அச்சானது. பீபரின் நூல் வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பே விடை கையில் இருந்தது. நிறுவனங்கள்தாம் அதைப் படிக்கவில்லை.

5. முகமூடி அணிந்த மருத்துவர்

படிக்க வைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். தன்பாலீர்ப்பாளர் உரிமைச் செயற்பாட்டாளர்களான ஃபிராங்க் கேமனி, பார்பரா கிட்டிங்ஸ் போன்றோர் 1970 முதல் மனநல மருத்துவச் சங்கத்தின் மாநாடுகளில் போராடினார்கள். 1972இல் டல்லாஸ் மாநாட்டில் ஒருவர் ரப்பர் முகமூடி, பொய்முடி, தொளதொளத்த உடை, குரலை மாற்றும் ஒலிவாங்கி ஆகியவற்றோடு மேடையேறினார். நான் தன்பாலீர்ப்பாளன், நான் மனநல மருத்துவன் என்றார். அவர் ஜான் ஃபிரையர் என்பது பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரிந்தது. இதுவரை நோயாளியின் நாற்காலியில் மட்டுமே பார்த்தவரை, மருத்துவர்கள் தங்கள் வரிசையிலேயே பார்த்தார்கள்.

மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் எழுப்பிய கேள்வி எளியது: ஒரு நிலை கோளாறு எனப்பட வேண்டுமானால், அது வேதனையையோ, சமூகத்தில் இயங்க முடியாமையையோ தானாகவே தர வேண்டாமா? 1973 டிசம்பர் 15 அன்று சங்கத்தின் அறங்காவலர் குழு தன்பாலீர்ப்பைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அறிவியலை வாக்கெடுப்பால் தீர்மானித்தார்கள் என்று இன்றும் கேலி செய்பவர்கள் உண்டு. 1974இல் உறுப்பினர் வாக்கெடுப்பு வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள் நீக்கத்தை எதிர்த்த பகுப்பாய்வாளர்களே. அதிலும் 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தார்கள். உலக சுகாதார அமைப்பு 1990 மே 17 அன்று அதே முடிவை எடுத்தது.

இதே ஸ்பிட்சர் 2003இல் சறுக்கினார். தங்கள் நாட்டம் மாறிவிட்டதாகச் சொன்ன 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலருக்கு மாற்றம் சாத்தியம் என்று எழுதினார். அவர்களில் பலரை அனுப்பியவை பாலீர்ப்பை ‘மாற்றும் சிகிச்சை’யை முன்னிறுத்திய அமைப்புகள். 2012இல் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அமெரிக்க உளப்பகுப்பாய்வுச் சங்கம் தன்பாலீர்ப்பாளரைப் பயிற்சியில் சேர்க்கப் பாகுபாடு கூடாது என்று முடிவெடுக்க 1991 ஆயிற்று. தன் பழைய போக்குக்காக மன்னிப்புக் கேட்க 2019 ஆயிற்று.

6. ஆலோசனைக்குப் போன நீதிபதி

நம் நாட்டில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து, வயது வந்தோரின் சம்மத உறவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று விடுவித்தது. அதற்கு முந்தைய ஆண்டின் மனநலச் சட்டம், எது மனநோய் என்பதை ஏற்கப்பட்ட மருத்துவத் தரங்களின்படியே தீர்மானிக்க வேண்டும் என்கிறது. பெற்றோரின் அவமானம் அந்தத் தரங்களில் ஒன்றல்ல.

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பாதுகாப்புக் கேட்டு இரண்டு இளம்பெண்கள் வந்தார்கள். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைத் தான் இன்னும் முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பதிவு செய்து, உளவியலாளர் ஒருவரிடம் தானே அமர்வுக்குப் போனார். ஜூன் 7 ஆணையில், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய ‘சிகிச்சை’யைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. 1920இல் வெளியான வழக்கில் தந்தை மகளை மருத்துவரிடம் அழைத்து வந்தார். நூறாண்டு கழித்து, புரிந்துகொள்ள வேண்டியவர் தானாக உளவியலாளர் அறைக்குப் போனார். இந்தத் துறை கடந்து வந்த தூரம் அவ்வளவு.

7. மாணவர்களுக்கு

நண்பர்களே, நாளை உங்கள் அறைக்கும் ஒரு தந்தையோ தாயோ பிள்ளையை அழைத்து வருவார்கள். முதலில் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். அவர் வருத்தத்தில் இருந்தால், அந்த வருத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். வீட்டு மிரட்டலா, வகுப்பறைக் கேலியா, கட்டாயக் கல்யாணப் பேச்சா என்று பாருங்கள். சிகிச்சை தேவைப்படுவது அந்தக் காயத்துக்கு. பெற்றோரையும் விரட்டாதீர்கள், தகவலும் நேரமும் அதிகம் தேவைப்படுபவர்கள் அவர்களே. மாற்றித் தருகிறேன் என்று எவரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது அறிவியலும் அல்ல, இன்று தொழில் ஒழுங்கும் அல்ல.