காதுக்குத் தெரிந்த நெடில்



திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிற வழியில் இருக்கிறது வித்துரா. அதன் பக்கத்து மலையில் போணக்காடு தேயிலைத் தோட்டம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட குடும்பங்கள் அங்கே உண்டு. இப்படிப்பட்ட வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். "ரெண்டு எழுத்தையும் படிச்சா பிள்ளை குழம்பாதா?" என்று தாய்மார் கேட்பது நியாயம்தான். நெடிலைப் பொறுத்தவரை அந்தப் பயம் வேண்டாம். ஒன்றைப் படித்தால் மற்றதில் பாதி வந்துவிடும்.

தமிழில் மலை, மாலை, குடை, கூடை. மலையாளத்தில் மல, மால, குட, கூட. குடை கேட்ட அம்மாவிடம் எந்தப் பிள்ளையும் கூடையைக் கொண்டுவந்து நீட்டாது. ஓசையின் நீளம் காதுக்கு ஏற்கெனவே தெரியும். கண்ணுக்குத்தான் இனி தெரிய வேண்டும்.

ஆகவே எழுத்துக்கு முன்னால் ஓசை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்றது தொல்காப்பியம். மாத்திரை என்பது கண் இமைக்கிற, விரல் நொடிக்கிற நேரம். பிள்ளையிடம் இலக்கணம் பேச வேண்டாம். 'படம்' என்னும்போது மேசையை ஒரு தட்டு. 'பாடம்' என்னும்போது அதே கையை மேசைமேல் இழுக்கட்டும். கல், கால், விடு, வீடு, கொடி, கோடி என்று ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பழகட்டும்.

அடுத்தது குறிகள். முதலில் துணைக்கால். எந்த மெய்யோடு வந்தாலும் வடிவம் மாறாது. முன்பு ணா, றா, னா மூன்றும் தனி வடிவில் இருந்தன. 1978-இல் தமிழ்நாட்டில் வந்த எழுத்துச் சீர்திருத்தம் அவற்றுக்கும் காலைக் கொடுத்துவிட்டது. பிறகு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். ஓலைச்சுவடியில் எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டியது ஒரு புள்ளிதான். அதையும் பலர் வைக்காமல் விட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்து இரட்டைக்கொம்பு தந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். காலும் இந்த இரு கொம்புகளும் மலையாளத்திலும் ஏறக்குறைய இதே வடிவம்தான். வித்துராப் பிள்ளைக்கு இது ஒரே பாடம்.

ஊகாரம் வேறு கதை. 1971-இல் செய்த சீர்திருத்தத்தில் மலையாளம் உகர, ஊகாரக் குறிகளை மெய்யிலிருந்து பிரித்துத் தனியே எழுதத் தொடங்கியது. தமிழிலோ கூ ஒரு மாதிரி, சூ ஒரு மாதிரி, தூ இன்னொரு மாதிரி. எனவே ஊகார வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வரிசையாக ஒப்பிக்கவும் சொல்லாதீர்கள். பூ, கூடு, தூண், சூடு என்று தெரிந்த சொற்களோடு ஒவ்வொன்றாக வரட்டும்.

ஐகாரத்துக்கும் அவசரம் வேண்டாம். இலக்கணத்தில் அது நெடில். சொல்லின் நடுவிலும் இறுதியிலும் குறுகித்தான் ஒலிக்கும். அதை இழுத்துக் காட்டினால் பிள்ளையின் காது நம்மை நம்பாது.

சொல்வதெழுதுதலிலும் ஒரு கவனம் தேவை. 'பா...ஆ...டம்' என்று ஆசிரியரே இழுத்துக் கொடுத்தால் பிள்ளை அந்த இழுப்பைக் கேட்டுக் காலைப் போட்டுவிடும். தானாக எழுதும்போது விட்டுவிடும். பேச்சில் வருகிற அளவில் சொல்லுங்கள். பிள்ளை 'படம்' என்று எழுதினால், அடித்துத் திருத்துவதற்கு முன் எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். தவறு எங்கே என்று அதன் காதே சொல்லிவிடும்.